ஜீ, ஆல், தா: மால்டீஸின் அடங்காத வினைகள்



மால்டீஸ் மொழியைப் புதிதாகக் கற்கிறவர்களுக்கு அதன் ஒழுங்கில்லாத வினைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். மேடை ஏறுவதற்கு முன்பே ஒருவர் மடக்கிவிட்டார்: "ஒழுங்காக இருக்கிற வினையே இன்னும் தெரியாதே, அதற்குள் ஒழுங்கில்லாததா?" நியாயமான கேள்விதான். ஆனாலும் ஒழுங்கில்லாததைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. பாடப்புத்தகங்கள் அதைப் பத்தாம் பாடத்துக்கு, பதினைந்தாம் பாடத்துக்குத் தள்ளி வைக்கின்றன. அது தவறு என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மால்டா சிசிலிக்குத் தெற்கே மத்தியதரைக் கடலில் கிடக்கும் சின்னத் தீவுக்கூட்டம். மக்கள்தொகை ஐந்து லட்சத்துச் சொச்சம். 2021 கணக்கெடுப்பில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள். அவர்களில் இந்தியர் பெரிய குழுக்களில் ஒன்று. ஆங்கிலமும் அங்கே ஆட்சிமொழி என்பதால் வங்கி, கடை, பேருந்து எல்லாம் ஆங்கிலத்திலேயே ஓடிவிடும். ஆனால் நம் ஊரிலிருந்து போகிற செவிலியரும் பராமரிப்பாளரும் நிற்பது வயதானவர்களின் கட்டிலருகே. எண்பது வயதுப் பாட்டிக்கு வலி வரும்போது வாயில் வருவது தாய்மொழிதான். அங்கே பேச வேண்டிய வாக்கியங்களைப் பாருங்கள்.

"கில்த்?" என்றால் சாப்பிட்டாயா. "ஹத்த் இல்-பில்லொலா?" என்றால் மாத்திரை எடுத்துக்கொண்டாயா. "ஷெய்த்?" என்றால் என்ன சொன்னாய். "ஆத்தினி இதெக்" என்றால் உன் கையைக் கொடு. "எய்யா, ம்மொர்ரு" என்றால் வா, போகலாம். (அன்றாடப் பேச்சில் ஒருவரிடம் பேசினால், எவ்வளவு பெரியவரானாலும் ஒருமை வினைதான். நமக்கு நாக்கு கூசும். அவர்களுக்கு அது மரியாதைக் குறைவே இல்லை.) இந்த ஐந்து வாக்கியத்தில் இருக்கும் வினை ஒவ்வொன்றும் இலக்கண நூல் ஒழுங்கில்லாதவை என்று ஒதுக்கிவைத்திருக்கும் பட்டியலைச் சேர்ந்தது. பாடநூலின் முதல் அத்தியாயத்தில் நீங்கள் மனப்பாடம் செய்த 'எழுது' என்ற ஒழுங்கான வினையை வைத்துக்கொண்டு அந்தப் பாட்டியிடம் ஒரு வார்த்தை பேச முடியாது.

அச்சில் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. மால்டீஸ் லத்தீன் எழுத்தில் எழுதப்படும் மொழி. நான் தமிழ் எழுத்தில் தருவது ஏறக்குறைய ஒலிதான். இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். 'ஆல்' என்று நான் எழுதும் சொல்லின் தொடக்கத்தில் தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் ஒலி உண்டு. நமக்கு அதற்கு எழுத்தில்லை. இன்னொன்று, அவர்கள் 'ஐன்' என்று பெயர் சொல்லும் எழுத்து. இரண்டு குறிகள் சேர்ந்து ஒரே எழுத்தாக எண்ணப்படும் அது அரபு மொழியில் தொண்டையின் அடியிலிருந்து வந்த ஒலிகளின் மிச்சம். இன்றைக்குப் பெரும்பாலும் அதற்கு ஒலியே இல்லை, பக்கத்து உயிரை நீட்டிவிட்டு மறைந்துகொள்ளும். 'ஆத்தினி' என்ற சொல்லைத் தாளில் பார்த்தால் நடுவில் இது உட்கார்ந்திருக்கும். புதியவர்கள் மிரளுவது பாதி இந்த எழுத்தால்தான். அதனால் கண்ணுக்கு முன் காதால் படியுங்கள்.

இந்த மொழி எப்படி வந்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். 870இல் தீவு அரபுப் படையிடம் வீழ்ந்தது. சிசிலியில் பேசிய அரபு இங்கே வேர்பிடித்தது. 1091இல் நார்மானியர் வந்தார்கள். பிறகு சிசிலி அரசர்கள், 1530 முதல் 1798 வரை புனித யோவான் அமைப்பின் வீரர்கள், 1800 முதல் 1964 வரை பிரிட்டிஷார். மக்கள் கிறித்தவர்களாக இருந்ததால் குர்ஆன் அரபும் அரபு இலக்கணப் பள்ளிகளும் இந்தப் பேச்சுமொழியைப் பிடித்து இழுத்துத் திருத்தவில்லை. சொற்களில் பெரும்பகுதி இத்தாலிய, சிசிலியச் சொற்களாக மாறியும் அடிப்படை வினைகள் அரபாகவே நின்றன. தினமும் நூறு தடவை வாயில் புரளுகிற வினைகள்தான் அதிகம் தேய்ந்தன. ஒழுங்கில்லாத வினை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தத் தேய்மானத்தைத்தான்.

நமக்கு இது புதிதா? 'வா' என்ற பகுதி வந்தான், வருவான், வாருங்கள் என்று திரிகிறது. 'தா' என்பது தந்தான், தருவான் என்று திரிகிறது. வெளியூர்க்காரர் ஒருவர் தமிழ் படித்தால் அவரை அழவைப்பது இந்த இரண்டும்தான். மால்டீஸிலும் அழவைப்பது வருதலும் தருதலும்.

இப்போது ஒழுங்கைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம், ஏனென்றால் மீறல் தெரிய விதி தெரிய வேண்டும். எழுதுவதற்கு வேர் மூன்று மெய்: க், த், ப். 'கித்தெப்' என்றால் அவன் எழுதினான். அகராதியிலும் இந்த வடிவம்தான் தலைச்சொல், 'எழுது' என்றோ 'எழுத' என்றோ இருக்காது. இறந்தகாலத்தில் யார் செய்தது என்பது சொல்லின் கடைசியில் தெரியும்: க்திப்த் (நான் எழுதினேன்), கித்பெத் (அவள்), க்திப்னா (நாங்கள்), கித்பு (அவர்கள்). மற்றக் காலத்தில் அது முன்னால் வந்துவிடும்: நிக்தெப் (நான் எழுதுகிறேன்), திக்தெப் (நீ), யிக்தெப் (அவன்), நிக்த்பு (நாங்கள்), யிக்த்பு (அவர்கள்).

தமிழருக்கு இதில் ஒரு வசதியும் ஒரு தொல்லையும் உண்டு. வினையிலேயே ஆள் தெரிவதால் 'நான்', 'நீ' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் இதற்குத் தடுமாறுவார், நாம் தடுமாற மாட்டோம். தொல்லை என்னவென்றால், நம் விகுதி எப்போதும் வாலில்தான். அவர்களுக்கோ ஒரு காலத்தில் வாலில், இன்னொரு காலத்தில் தலையில். அதோடு 'க்திப்த்' என்பது நான் எழுதினேன், நீ எழுதினாய் இரண்டுக்கும் பொது. 'திக்தெப்' என்பது நீ எழுதுகிறாய், அவள் எழுதுகிறாள் இரண்டுக்கும் பொது. இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

சரி, அடங்காதவர்களிடம் வருவோம்.

முதலில் இரட்டையர்: கீல் (அவன் சாப்பிட்டான்), ஹா (அவன் எடுத்தான்). அரபு மூலத்தில் இரண்டுக்கும் வேரின் முதல் மெய் தொண்டையடைப்பு ஒலி. மால்டீஸில் அது இரண்டிலும் உதிர்ந்தது. உதிர்ந்த இடம் காலியாக இருக்கக் கூடாதென்று நிகழ்காலத்தில் ஒரு நெட்டுயிர் வந்து உட்கார்ந்தது: நீக்கொல் (சாப்பிடுகிறேன்), நீஹு (எடுக்கிறேன்). ஏவலில் அந்த நெடிலும் இல்லை: குல் (சாப்பிடு), ஹூ (எடு, இந்தா). ஒன்றைப் படித்தால் மற்றதும் பாதி வந்துவிடும்.

மீதிப் பாதியில்தான் ஹா தனிக்குணம் காட்டுகிறது. அதன் வேரின் கடைசியில் மென்மையான ஒரு 'த்' உண்டு. அவள் எடுத்தாள் என்றால் ஹாதெத், அவர்கள் எடுத்தார்கள் என்றால் ஹாது. அங்கெல்லாம் அது இருக்கிறது. ஆனால் அவன் எடுத்தான் என்னும்போது வெறும் ஹா. நான் எடுக்கிறேன் என்னும்போது வெறும் நீஹு. நாங்கள் எடுக்கிறோம் என்றால் நீஹ்து, மறுபடி வந்துவிட்டது. சொல் முடியும் இடத்தில் நின்றால் அந்த மெய் விழும், பின்னால் ஏதாவது ஒட்டினால் எழுந்து நிற்கும். 'ஹாத்னி' என்றால் என்னைக் கூட்டிப்போனான். 'என்னை' ஒட்டியதும் மெய் திரும்பிவிட்டது பாருங்கள். இதைப் புரிந்துகொண்டவர் அட்டவணையை உருப்போட வேண்டாம். அவருக்கு ஹா ஒழுங்கில்லாத வினையாகவே தெரியாது.

இந்த வினையைப் படித்தால் வேறு லாபமும் உண்டு. நாம் பங்கெடுப்பது போல அவர்களும் பங்கை 'எடுப்பார்கள்'. மகிழ்ச்சியையும் எடுப்பார்கள்: 'ஹத்த் கொஸ்த்' என்றால் எனக்கு ரொம்பச் சந்தோஷம். அதைக் கூட்டிச் சொல்ல 'தெய்த்ஷ் கெம்' என்று பின்னால் சேர்ப்பார்கள், சொல்லி மாளாது என்று நாம் சொல்வோமே, அதே பொருள். தெருவில் ஒருநாள் நடந்தால் காதில் விழும்.

அடுத்தவர் ஆல், சொன்னான். இவரிடம்தான் உண்மையான குழப்பம். ஆல் (அவன் சொன்னான்), ஆலெத் (அவள்), ஆலு (அவர்கள்) வரை ஒரு வேர். நான் சொன்னேன், நீ சொன்னாய் என்றதும் வேரே மாறிவிடும்: எய்த். நிகழ்காலம் முழுக்க அந்த இரண்டாம் வேர்தான்: நெய்த் (சொல்கிறேன்), தெய்த், யெய்த், நெய்து (சொல்கிறோம்). 'ஆல்லி' என்றால் அவன் என்னிடம் சொன்னான், 'எய்த்லி' என்றால் என்னிடம் சொல். ஒரே வினையின் இரண்டு முகம் என்று தெரியாதவருக்கு இவை இரண்டும் இரண்டு மொழிபோலக் கேட்கும். இதற்குக் குறுக்குவழி எதுவும் இல்லை. படர்க்கை இறந்தகாலம் மூன்றும் ஆல் பக்கம், மற்றதெல்லாம் எய்த் பக்கம் என்று எல்லைக்கோடு போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

தா என்றால் கொடுத்தான். ஆமாம், நம் 'தா' போலவே ஒலிக்கும், பொருளும் அதுவே. உடனே குமரிக்கண்டத்துக்குக் கப்பல் ஏறிவிடாதீர்கள். அரபு வினையின் முன்பகுதி தேய்ந்து நின்ற மிச்சம் அது, ஒலி ஒத்தது தற்செயல். நினைவில் வைக்க உதவுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவே. தாய்த் (கொடுத்தேன்), தாத் (கொடுத்தாள்), தாவ் (கொடுத்தார்கள்). பார்ப்பதற்கான 'ரா' இதே தடத்தில் போகும்: ராய்த், ராத், ராவ். நிகழ்காலத்தில் பிரிந்துவிடும். பார்ப்பது எளிமையாக நாரா, தாரா, யாரா. கொடுப்பதோ தொலைத்த முன்பகுதியை மீட்டுக்கொண்டு நாத்தி, தாத்தி, யாத்தி என்று வரும். மறைந்த 'ஐன்' எழுத்து அந்த நெடிலுக்குள் இருக்கிறது. 'நாத்தி' என்று காதில் வாங்கியவர் அகராதியில் நகர வரிசையில் தேடினால் கிடைக்காது, தா-வுக்குப் போக வேண்டும்.

மார் என்றால் போனான். இதை நான் அரை ஒழுங்கு என்பேன். நடு மெய் மெலிந்த வினைகள் என்று ஒரு பெரிய குடும்பம் இருக்கிறது. ஜார் (போய்ப் பார்த்தான்), ஜொர்த் (நான்), ஜாரெத் (அவள்) என்பது அதன் வழக்கம். (இங்கே ஜ என்பது ஆங்கிலத்து ஜூ என்ற உயிரியல் பூங்காவின் முதல் ஒலி.) மார், மொர்த் வரை இதுவும் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. ஆனால் அவள் போனாள் என்றால் மர்ரெத், அவர்கள் போனார்கள் என்றால் மர்ரு, நாங்கள் போகிறோம் என்றால் ம்மொர்ரு. ரகரம் இரட்டித்துவிட்டது. மார் செய்த ஒரே குற்றம் அந்த இரட்டை ரகரம். 'ம்மூர்' (போகிறேன்) என்பதில் நகரத்துக்குப் பதில் மகரம் வருவது குற்றம் இல்லை, அடுத்து மகரம் இருப்பதால் நகரம் அதன் நிறத்தை எடுத்துக்கொண்டது. மண் கூட்டல் குடம் மட்குடம் ஆவதைப் படித்த நாம் இதற்கா அதிர்ச்சியடைவோம்?

ஜீ, வந்தான். ஜெய்த் (வந்தேன்), ஜீத் (வந்தாள்), ஜெவ் (வந்தார்கள்), நிஜி (வருகிறேன்), நிஜு (வருகிறோம்). இதுவரை சமாளித்துவிடலாம். ஏவல்தான் வேறு எங்கிருந்தோ வந்தது: எய்யா. நம் காதுக்கு 'ஐயா' என்று கூப்பிடுவது போல இருக்கும். பலரிடம் சொன்னால் எய்யெவ். போவதையும் வருவதையும் பற்றி இன்னொன்று: இந்த நிமிடம் நடந்துகொண்டிருக்கும் வருகைக்கு அவர்கள் நிஜி என்று சொல்ல மாட்டார்கள். 'ஜெய்' (வந்துகொண்டிருக்கிறேன், ஆண்), 'ஜெய்யா' (பெண்) என்ற பெயர்த்தன்மை கொண்ட வடிவம்தான் வழக்கு. போவதற்கு 'செய்யெர்', 'செய்ரா'. எங்கே போகிறாய் என்று கேட்க 'ஃபெய்ன் செய்யெர்?' இதைப் பல கையேடுகள் பின்னிணைப்பில் போட்டுவிடுகின்றன. முதல் நாளே தெரிய வேண்டிய விஷயம் பின்னிணைப்பில்!

ஜீ இன்னும் இரண்டு வேலை செய்கிறது. ஒருவர் நமக்கு என்ன உறவு என்பதற்கு இந்த வினைதான்: 'ஷ்யிஜி மின்னெக்?' உனக்கு அவர் என்ன முறை வேண்டும் என்று நாம் கேட்பதற்கு நேர். அடுத்தது, செயப்பாட்டு வினை. 'ஜீ மாத்துல்' என்றால் கொல்லப்பட்டான், மாத்துலின் நடுவிலும் அந்தத் தொண்டையடைப்பு உண்டு. இத்தாலியத்திலும் வருதல் வினை இந்தத் துணைவேலையைச் செய்கிறது. மால்டீஸ் செய்தித்தாளின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஜீ, ஜீத், ஜெவ் கண்ணில் படும். அங்கே யாரும் வரவில்லை என்பதைத் தெரிந்துகொண்டு படியுங்கள்.

இருத்தலும் உடைமையும் தமிழருக்குப் பரிசுபோலக் கிடைத்தவை. நான் ஆசிரியர் என்று சொல்லத் தமிழில் வினை வேண்டாம், மால்டீஸிலும் வேண்டாம். இறந்தகாலத்துக்குக் கீன் வரும்: கொந்த் (இருந்தேன்), கீன் (இருந்தான்), கீனெத் (இருந்தாள்). ஆங்கிலத்தின் 'ஹேவ்' போன்ற வினை நம்மிடம் இல்லை, என்னிடம் இருக்கிறது என்கிறோம். அவர்களும் 'ஆந்தி' என்கிறார்கள், என்னிடம் என்பதுதான் அதன் அடிப்படை. ஆந்தெக் உன்னிடம், ஆந்து அவனிடம். இருந்தது என்றால் கெல்லி, கெல்லெக், கெல்லு. எதிர்மறைக்கு முன்னால் 'மா', பின்னால் 'ஷ்': மாந்திஷ், என்னிடம் இல்லை. இந்தப் பகுதியை ஆங்கில வழியாகப் படிக்காதீர்கள், நேராகத் தமிழிலிருந்து தாவுங்கள்.

தெரிதலுக்கு யாஃப் (அவனுக்குத் தெரியும்), நாஃப் (எனக்குத் தெரியும்). இதற்கு இறந்தகாலமே கிடையாது. கீனைத் துணைக்கழைத்து 'கொந்த் நாஃப்' என்று சொல்ல வேண்டும், எனக்குத் தெரிந்திருந்தது என்று. 'மா நாஃப்ஷ்' என்றால் தெரியாது. கற்கத் தொடங்கியவருக்கு மிகவும் பயன்படும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்.

வசால் (வந்து சேர்ந்தான்), வஆஃப் (நின்றான்) போன்ற வகரத்தில் தொடங்கும் வினைகளையும் சில நூல்கள் இந்தப் பட்டியலில் சேர்க்கின்றன. நிகழ்காலத்தில் வகரம் விழும் என்ற ஒரே விதியில் அவை பெரும்பாலும் அடங்கும். பிறகு பார்த்துக்கொள்ளலாம். இத்தாலியத்திலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் வந்தவற்றைப் பற்றிக் கவலையே வேண்டாம். வண்டியை நிறுத்துவதற்கு 'இப்பார்க்யா' என்பார்கள், பார்க் என்ற ஆங்கிலச் சொல்தான். நிப்பார்க்யா, திப்பார்க்யா, யிப்பார்க்யா என்று பள்ளிப்பிள்ளை மாதிரி வரிசையில் போகும். புதிதாகக் குடிவந்தவர்கள் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறார்கள், அடங்காதவர்கள் எல்லாம் பழங்குடிகள்.

எப்படிப் படிப்பது? பதினாறு வடிவங்கள் கொண்ட அட்டவணையை மேலிருந்து கீழாக ஒப்பிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு வினைக்கும் அகராதி வடிவத்தோடு நான்கு வடிவம் போதும்: நான் செய்தேன், அவள் செய்தாள், நான் செய்கிறேன், நாங்கள் செய்கிறோம். போவதற்கு மொர்த், மர்ரெத், ம்மூர், ம்மொர்ரு. எடுப்பதற்கு ஹத்த், ஹாதெத், நீஹு, நீஹ்து. தேய்மானம் எங்கெங்கே நடந்ததோ அந்த இடங்களை எல்லாம் இந்த நான்கும் தொட்டுவிடுகின்றன. மற்றவை விகுதி மாற்றினால் வந்துவிடும். ஏவலை மட்டும் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எய்யா மாதிரி அது எங்கிருந்தும் வரலாம்.

நூல் கேட்பவர்களுக்கு: ஜோசப் அக்வலினா 1965இல் எழுதிய ஆங்கிலவழிக் கையேடு பலரைக் கரையேற்றியிருக்கிறது, இலக்கணத்தை அஞ்சாமல் சொல்லும் நூல். உரையாடலுக்கு அது உதவாது என்பது என் கருத்து. வடிவத்தைச் சரிபார்க்க மால்டா பல்கலைக்கழகத்தின் 'ஜப்ரா' என்ற இணைய அகராதி இருக்கிறது, காசு வேண்டாம், வினையைத் தட்டினால் திரிபுகள் மொத்தமும் வரும். எழுத்துமுறை பற்றிக் குழப்பம் வந்தால் நினைவில் வையுங்கள்: இன்றைய எழுத்துமுறையின் விதிநூல் 1924இல் வந்தது, அரசு ஏற்றது 1934இல். அதற்கு முந்தைய அச்சில் இதே வினைகள் வேறு கோலத்தில் இருக்கும். புதியவர்கள் அந்தப் பக்கம் இப்போது போக வேண்டாம்.

மால்டாவுக்குக் கிளம்பக் காத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் மாதம் கித்தெப் அட்டவணையை மூடிவையுங்கள். கீல், ஹா, ஆல், தா, ரா, மார், ஜீ, கீன், யாஃப் என்ற ஒன்பதையும் எடுத்து, வினைக்கு இரண்டாக நீங்கள் தினமும் உண்மையில் பேசப்போகிற வாக்கியங்களை எழுதிக்கொள்ளுங்கள். மால்டாக்காரர் ஒருவரிடம் அவற்றை வாசித்துக்காட்டித் திருத்தி வாங்குங்கள். எழுதுவதற்கான வினையை இரண்டாம் மாதம் படிக்கலாம்.